முதலில் எது எதோடு

எதைச் சொன்னாலும் பக்கத்து அறைக்காரர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "முதல்ல எது எதோட சேர்ந்துச்சு?"

மழை வந்தது, குடை இல்லை, பஸ் போய்விட்டது என்று நான் எரிச்சலோடு வீட்டுக்குள் நுழைந்தால், "குடை இல்லாததும் மழையும் சேர்ந்து பஸ் போச்சா, இல்ல மழையும் பஸ்ஸும் ஒண்ணா வந்தப்ப குடை இல்லையா?" என்பார். கிண்டலுக்காகக் கேட்கிறார் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அவர் நிஜமாகவே பதிலுக்காகக் காத்திருப்பார். ஈரப் புடவையோடு நிற்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

ஐம்பதுகளின் கடைசியில் சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். பின்னறையில் என் அம்மாவும் நானும். முன்னறையில் அவரும் அவர் மனைவியும். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அவரை நான் அண்ணே என்பேன், அவர் மனைவியை அண்ணி என்பேன். அவர்கள் இருவருக்கும் நான் தங்கச்சி. உறவு ஒன்றும் கிடையாது. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த உறவு.

அவர் துறைமுகக் கிடங்கில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கோடு போட்டு எண்ணும் வேலை. ஊரில் கணிதத்தில் பட்டம் வாங்கியவர், இங்கே வந்து மூட்டை எண்ணினார். அதைப் பற்றி அவர் அலுத்துக்கொண்டு நான் கேட்டதில்லை. எனக்குத்தான் கோபமாக வரும். கிடங்கில் கழித்துப்போட்ட டேலி தாள்களைக் கேட்டு வாங்கி வந்து, பின்பக்கத்தில் கணக்கு எழுதுவார். எழுதியதைச் சுவரில் குண்டூசியால் குத்திவைப்பார். ஒரு சுவர் முழுக்கத் தாள். அண்ணி புடவை காயப்போட இடம் தேடுவாள்.

அந்தக் கணக்கு என்ன என்று எனக்குப் புரியவைத்தது கீழே இருந்த பாய் கடைப் பரோட்டாதான்.

பாய் கடையில் ஞாயிறு காலையில் மாவு பிசைவார்கள். அண்ணே கல்லாப்பெட்டி அருகே நின்று வேடிக்கை பார்ப்பார். ஒருநாள் என்னிடம் சொன்னார். "பாரு தங்கச்சி. மாவு, தண்ணி, எண்ணெய். மூணு சாமான். மாவும் தண்ணியும் முதல்ல சேர்ந்து, அப்புறம் எண்ணெய் வந்தா பரோட்டா. தண்ணியும் எண்ணெயும் முதல்ல சேர்ந்துட்டு அப்புறம் மாவுகிட்ட போனா?"

பாய் திரும்பிப் பார்த்தார். "போனா நாயி கூடத் திங்காது சார். நீங்க வேணா வந்து பெசையுங்க, நான் கிடங்குல போய் மூட்டை எண்றேன் லா."

"அதேதான் பாய்! வரிசை மாறலை. மாவு, தண்ணி, எண்ணெய். அதே வரிசை. யாரு யாரோட முதல்ல சேர்ந்தாங்கங்கிறதுதான் மாறிச்சு. சாமானே வேறயாப் போச்சு."

"இதுக்கா சார் காலேஜு படிச்சீங்க?" என்றார் பாய்.

பள்ளிக்கூடக் கணக்கில் இந்தத் தொல்லை கிடையாது. இரண்டையும் மூன்றையும் பெருக்கி நான்கால் பெருக்கினாலும், மூன்றையும் நான்கையும் பெருக்கி இரண்டால் பெருக்கினாலும் இருபத்துநான்குதான். ஆனால் அப்படி இல்லாத கணக்கு உலகங்கள் இருக்கின்றனவாம். அங்கே எழுத்துகளைப் பெருக்கும்போது எதை எதோடு முதலில் பெருக்குகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். அதனால் ஒவ்வொரு ஜோடிக்கும் அடைப்புக்குறி போட்டே ஆகவேண்டும். மூன்று எழுத்து என்றால் இரண்டு விதமாக அடைக்கலாம். நான்கு என்றால் ஐந்து விதம். ஐந்து என்றால் பதினாலு. எட்டு என்றால் நானூற்று இருபத்தொன்பது. அந்த நானூற்று இருபத்தொன்பதும்தான் சுவரில் குத்தியிருந்தன.

இவ்வளவு குழப்பத்துக்கு நடுவிலும், எந்த எழுத்துக்குப் பதில் எதைப் போட்டாலும் இரண்டு பக்கமும் தப்பாமல் சமமாக வருகிற சமன்பாடுகள் சில உண்டு. முற்றொருமை என்று அதற்குப் பெயர். அவர் எட்டு எழுத்தில் அப்படி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். எட்டு வருஷமாக.

அந்த அடைப்புக்குறிகளை வைத்து, அவர் இல்லாதபோது நாங்கள் எல்லாரும் அவரைப் பிராக்கெட் என்றுதான் சொல்வோம். பாய் மட்டும் மரியாதையாக, "பிராக்கெட் சார்" என்பார்.

அவர் அசட்டுத்தனமான நல்ல மனிதர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கேள்வி பல சமயம் கொடுமையாக இருக்கும். அண்ணியின் அப்பா ஊரில் இறந்துபோன தந்தி வந்த நாள். அவள் அழுகிறாள், கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை, போக முடியாது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "தந்தி வந்து டிக்கெட் தேடினோமா, இல்ல டிக்கெட் இல்லேன்னு தெரிஞ்ச பிறகு தந்தியா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த நான் எழுந்துபோய், "வாயை மூடுங்க அண்ணே" என்று கத்தினேன். அவர் மூடிக்கொண்டார். துக்கத்தை வேறு எப்படித் தொடுவது என்று அவருக்குத் தெரியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

அண்ணி ஒருநாள் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். "உங்க கணக்குல எல்லாருக்கும் ஜோடி இருக்கு. நான் மட்டும் எப்பவும் அடைப்புக்குறிக்கு வெளிய."

அவர் சுவரில் தொங்கிய ஒரு தாளை நேராக்கிக் குத்தினார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

நான் ராபின்சன் ரோட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் தட்டச்சு செய்பவள். வேகமாக அடிப்பேன், தப்பில்லாமல் அடிப்பேன். அதைவிட எனக்குப் பெருமை ஒன்று இருந்தது. எங்கள் வெள்ளைக்கார மேனேஜர் கன்னாபின்னாவென்று எழுதிக் கொடுப்பார். ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்லியிருப்பார், தேவையில்லாத இடத்தில் காற்புள்ளி இருக்கும். நான் ஒன்றும் கேட்காமல் வேண்டாததை எடுத்துவிட்டு அழகாக அடித்துக் கொடுப்பேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, இந்தப் பெண் என்னைப் படித்தவனாகக் காட்டுகிறாள் என்று எல்லார் முன்னாலும் சொல்வார். நல்ல தட்டச்சுக்காரி கேட்டுக்கொண்டு நிற்கமாட்டாள், தானே சரிசெய்வாள். எங்கள் தொழிலில் அதுதான் கெட்டிக்காரத்தனம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அண்ணே என் கதவைத் தட்டினார். கையில் கட்டாகத் தாள்.

"கிடைச்சிடுச்சு தங்கச்சி."

"என்ன?"

"எட்டெழுத்து."

அவர் கண் கலங்கியிருந்தது. அந்த முன்னறைச் சுவர் காலியாக இருப்பதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். எல்லாத் தாளையும் கழற்றி முப்பத்துநாலு பக்கத்தில் அடக்கியிருந்தார்.

அவசரம் ஒன்று இருந்தது. புக்கிட் தீமாவில் பல்கலைக்கழக நூலகத்தில் சனிக்கிழமைதோறும் போய் உட்காருவார். அங்கே அவரைப் படிக்கவிட்ட விரிவுரையாளர் ஒருவர், மேல்நாட்டில் வேறொருவரும் இதே வழியில் கிட்டத்தட்ட வந்துவிட்டதாகக் கேள்வி, வெளிநாட்டுக் கணிதப் பத்திரிகைக்குச் சீக்கிரம் அனுப்பு என்று சொல்லியிருந்தார். யார் முதலில் அனுப்புகிறார்களோ அவர்கள் பெயர்தான் நிற்கும். வெள்ளிக்கிழமைத் தபாலில் போயாகவேண்டும்.

திங்களிலிருந்து புதன்வரை முதல் இருபது பக்கம் அடித்தேன். பெரும்பாலும் வாக்கியங்கள், நடுநடுவே சின்னச் சமன்பாடுகள். அவர் ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்த்தார். வியாழக்கிழமை காலையில் அண்ணிக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. எட்டு வருஷம் காத்திருந்து அவர்களுக்குக் குழந்தையும் கிடைத்த வாரம் அது. டாக்சியில் ஏற்றிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"மிச்சப் பதினாலு பக்கமும் நீயே அடிச்சு, நீயே தபால்ல போட்டுடு."

"பார்க்க வேணாமா?"

"உன் கைக்குப் பார்வை எதுக்கு?"

உள்ளேயிருந்து அண்ணி, "கணக்குப் பேச இதுவா நேரம்?" என்று அலறினாள். வண்டி போய்விட்டது.

அந்தப் பதினாலு பக்கமும் வெறும் சமன்பாடு. அடைப்புக்குள் அடைப்பு, அதற்குள் அடைப்பு. எட்டு எழுத்துக்கு ஆறேழு ஜோடிக் குறிகள். வரி ஓரத்தைத் தாண்டியது. ஒடித்து அடுத்த வரியில் போட்டால் பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு பக்கம் அடித்துக் கிழித்துப்போட்டேன். அப்புறம் யோசித்தேன். பெருக்கல்தானே? பெருக்கலில் அடைப்புக்குறி எதற்கு? பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் எப்போதும் முதல் மூன்று இடத்தில் வந்தவள். தேவையில்லாததை எடுத்தேன். எல்லாவற்றையும் எடுத்தேன். ஒவ்வொரு வரியும் ஓரத்துக்குள் அழகாக உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை மதியம் தபால் நிலையத்தில் கொடுத்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு அலுவலகம் திரும்பினேன்.

பரோட்டாக் கதையை நூறு தடவை கேட்டவள் நான். காதில் கேட்டது விரலுக்குப் போகவில்லை. தட்டச்சுக்காரி வாசிப்பதில்லை. கண் பார்க்கும், விரல் அடிக்கும், நடுவில் ஆளே கிடையாது.

பெண் குழந்தை பிறந்தது. நான்கு மாதம் கழித்துக் கட்டு திரும்பி வந்தது. கூடவே மூன்று வரிக் கடிதம். கட்டுரையாளர் எழுதிய சமன்பாடுகளில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றேதான், நிரூபிக்க ஒன்றும் இல்லை என்று பணிவாகச் சொல்லியிருந்தார்கள்.

நான்தான் முதலில் குதித்தேன். "வெள்ளைக்காரனுக்கு நம்மளப் பார்த்தா இளக்காரம் அண்ணே! பேரைப் பார்த்தான், சிங்கப்பூர்னு பார்த்தான், தூக்கிப் போட்டுட்டான். நான் எழுதறேன் பாருங்க ஒரு லெட்டர்!"

அவர் தரையில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினார். இருபது வரை வேகமாகப் புரட்டினார். இருபத்தொன்றில் நின்றார். விரலால் ஒரு வரியைத் தடவினார். அடுத்த வரி. அடுத்த பக்கம்.

"பிராக்கெட் எங்க தங்கச்சி?"

"அது தேவையில்லேன்னு எடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

சொல்லி முடித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. வாய் சொன்னதைக் காது கேட்டு, மாவும் தண்ணியும் எண்ணெயும் ஞாபகம் வந்துவிட்டது.

அண்ணி குழந்தையைத் தோளில் போட்டபடி நின்றுகொண்டிருந்தாள். "எட்டு வருஷம்," என்றாள் என்னைப் பார்த்து. "எனக்குக் காட்டாத முகத்தையெல்லாம் அந்தச் சுவத்துக்குக் காட்டினாரு. அதையும் ஒரு மத்தியானத்துல அழிச்சிட்டியேடி."

"அவளைச் சொல்லாதே," என்றார் அவர். "பார்க்காம கொடுத்தது நான். அதான் முதல்ல நடந்தது."

எழுந்து பாய் கடைக்குப் போய்விட்டார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. திட்டவுமில்லை. திட்டியிருக்கலாம். நான் திட்டு வாங்கப் பழகினவள், திருப்பிக் கொடுக்கவும் தெரிந்தவள்.

எட்டாம் நாள் நானே போய்க் கையெழுத்துப் பிரதியை எடுத்து வந்தேன். அலுவலக மதிய இடைவேளைகளில், சாப்பிடாமல், பதினாலு பக்கத்தையும் மறுபடி அடித்தேன். அப்போதெல்லாம் தட்டச்சு நாடாவில் மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி சிவப்பு. எழுத்தைக் கறுப்பிலும் அடைப்புக்குறியைச் சிவப்பிலும் அடித்தேன். ஒவ்வொரு குறிக்கும் நிறம் மாற்றும் நெம்புகோலைத் தள்ளவேண்டும். விரல் வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தது. அண்ணே பார்த்துவிட்டு, "பத்திரிகைக்காரன் சிரிப்பான்," என்றார். "சிரிக்கட்டும், எவனும் பார்க்கலைன்னு சொல்ல முடியாதுல்ல," என்றேன். இம்முறை முப்பத்துநாலையும் அவர் மூன்று தடவை பார்த்தார்.

பதில் வர இன்னும் மூன்று மாதம். எல்லாம் சரியாக இருக்கிறதாம். ஆனால் இந்தக் கட்டு போய்ச் சேர்வதற்கு இரண்டு மாதம் முன்பே இதே முடிவை வேறொருவர் அனுப்பி, அதை ஏற்றுக்கொண்டாகிவிட்டதாம். முதல் தபாலிலேயே அடைப்புக்குறிகள் இருந்திருந்தால் இவர்தான் முந்தியிருப்பார். யாரும் எனக்கு அதைக் கணக்குப் போட்டுக் காட்டவேண்டியதில்லை.

இன்றைக்கும் அந்தப் பத்திரிகைக்காரர் மேல் எனக்குக் கோபம் உண்டு. முதல் இருபது பக்கத்தில் அடைப்புக்குறி இருந்ததே, மிச்சத்தில் ஏன் இல்லை என்று ஒரு வரி கேட்டு எழுதியிருக்கலாமே? ஆனால் கேட்காமலேயே தானாக முடிவு செய்யும் கெட்டிக்காரி இங்கே ஒருத்தி இருந்தாளே. அங்கேயும் ஒருவர் இருந்திருப்பார்.

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "சரியா இருக்குன்னு எழுதியிருக்கான் பாரு." அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பல நாள் அந்தப் பை உப்பியே இருந்தது.

பிறகு அவர்களுக்குப் புக்கிட் மேராவில் அடுக்குமாடி வீடு கிடைத்துப் போனார்கள். சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்ததும் பிரிந்ததும் அந்த வருஷங்களில்தான். பிரிந்த அன்றைக்குப் பாய் கடை வானொலியைச் சுற்றி ஒரே சத்தம். பாய் என்னைப் பார்த்து, "நம்ம பிராக்கெட் சார் மட்டும் இங்க இருந்தா, முதல்ல யாரு யாரோடன்னு கேட்டு உயிரை எடுத்திருப்பாரு," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை அவர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் கட்டு.

"ஒன்பதெழுத்து," என்றார். "ஆயிரத்து நானூத்து முப்பது விதம்."

"வேற ஆளைப் பாருங்க அண்ணே."

"வேற ஆளுக்குப் பிராக்கெட்டுன்னா என்னன்னு நான் திரும்பப் பரோட்டாலேர்ந்து சொல்லணும். உனக்குச் சொல்ல வேணாம்."

வாங்கிக்கொண்டேன். இந்த முறையும் குறிகள் சிவப்பில்தான்; ஒவ்வொரு வரியிலும் திறந்த குறி எத்தனை, மூடிய குறி எத்தனை என்று எண்ணி ஓரத்தில் குறித்துக்கொண்டே அடித்தேன். பதினோரு பக்கம் சரியாக வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் நடு வரி. திறந்தது எட்டு, மூடியது ஏழு. நாலு தடவை எண்ணினேன். அவர் கையெழுத்திலேயே ஒன்று குறைந்தது.

பழைய நானாக இருந்தால் பொருத்தமான இடமாகப் பார்த்து ஒன்றைப் போட்டு மூடியிருப்பேன். அந்த வரியில் இரண்டு இடம் பொருத்தமாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் புக்கிட் மேராவுக்குப் போனேன்.

"இது எங்க மூடுது அண்ணே?"

அவர் பார்த்தார். மேல் வரியைப் பார்த்தார், கீழ் வரியைப் பார்த்தார். அண்ணி கொண்டுவந்த தேநீர் ஆறி ஆடை படிந்தது.

"மேல் வரிலேர்ந்து வந்தா இங்க மூடணும். கீழ் வரிக்குப் போகணும்னா அங்க மூடணும்."

"ரெண்டும் ஒண்ணா?"

"தெரியலையே." மெதுவாகத் தலையை ஆட்டினார். "அது ரெண்டும் ஒண்ணுதான்னு காட்டத் தெரியாம, குறியே போடாமத் தாண்டிப் போயிருக்கேன் போலிருக்கு. நீ கண்டுபிடிச்சிட்டே."

"நான் ஒண்ணும் கண்டுபிடிக்கலை. கேட்டேன்."

"அதைத்தான் சொல்றேன்," என்றார். "அப்படியே வெச்சிரு. பார்த்துச் சொல்றேன்."

அடுத்த ஆண்டு கிடங்கில், மூட்டை எண்ணிக்கொண்டிருந்தபோதே நெஞ்சு வலித்து விழுந்தார். எழவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணி என்னைத் தேடி வந்தாள். பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தத் தாளை முடிச்சு அனுப்பிடு. ஒரு தடவையாவது அவரு பேரு அச்சுல வரட்டும். இவ பெரியவளானா காட்ட எதாவது வேணும்."

"ஒரு இடம் முடியலை அண்ணி. எங்க மூடணும்னு அவர் சொல்லலை."

"ஒரு பிராக்கெட்டுதானே? எங்கயாவது போட்டு மூடேன். அன்னிக்குப் பதினாலு பக்கத்துல யாரையும் கேக்காம எடுத்தே இல்ல? இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு போட மாட்டியா? யாருக்குத் தெரியப் போகுது?"

நியாயமான கேள்வி. மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"கடைசிவரைக்கும் அவரும் நீயுமா உள்ள இருந்துக்கிட்டு என்னை வெளியவே நிக்க வெச்சிட்டீங்க," என்றாள். பெண்ணை இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அவள் பேசாதது நியாயம்தான்.

எனக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அந்தக் கட்டு என் அலமாரியில் இருக்கிறது. பதினோரு பக்கம் முழுசாக, பன்னிரண்டாவது பாதி. சிவப்பு வெளிறி ரோஜா நிறமாகிவிட்டது. நடு வரி திறந்தபடியே நிற்கிறது, ஓரத்தில் என் பென்சிலில் எட்டு, ஏழு. இவ்வளவு அசிங்கமாக ஒரு பக்கத்தை நான் என் வாழ்நாளில் விட்டதில்லை. இருக்கட்டும்.